அப்பத்தா அறைக்கு ஒரு டிவி: ட்யூனர், பழைய லேப்டாப், ஒன்றரை அடிச் சுவர்

போன தை மாதம் வழுக்கி விழுந்ததிலிருந்து அப்பத்தா ஹாலுக்கு வருவதில்லை. எலும்பு கூடிவிட்டது. ஆனால் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டு படி ஏறி வருவதெல்லாம் இனி ஆகாது என்று அதுவே முடிவு கட்டிவிட்டது. தம்பி வீட்டில் சும்மா கிடந்த 32 இன்ச் டிவியைக் கொண்டுவந்து பின்கட்டு அறையில் மாட்டினோம். டிவி வந்தாயிற்று, அதில் என்ன ஓடும்?

அப்பத்தாவுக்கு வேண்டியது இரண்டுதான். ஒன்று, பொதிகை. அந்தச் சேனல் 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பேர் மாறிவிட்டது. எங்கள் வீட்டில் மாறவில்லை. இரண்டு, மத்தியானம் கண்ணசந்ததில் விட்டுப்போனதை ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு தட்டும்போது பார்க்க வேண்டும். அதாவது நேரலையும் வேண்டும், பதிவும் வேண்டும். அப்பத்தா எந்த மெனுவுக்குள்ளும் போகாது என்பது சொல்லாமலே தெரிந்த நிபந்தனை. கெடு சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்காமல் அதற்கு ஒரு வருஷமும் கழிந்ததில்லை. கால் இருந்தவரை ஆற்றங்கரையில், அப்புறம் ஹால் டிவியில்.

எங்கள் வீடு திருப்பரங்குன்றத்துப் பக்கம். தாத்தா கட்டிய சுண்ணாம்புக் காரைக் கட்டடம். முன்னால் ஹால், நடுவில் முற்றம், பின்னால் அப்பத்தா அறை. இடையில் ஒன்றரை அடிக் கனத்தில் இரண்டு சுவர். இந்தச் சுவர்தான் கடைசியில் பாதி முடிவுகளை எடுத்தது.

முதலில் நான் கழித்துக்கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நேரலை மட்டும் போதும் என்பவர்கள் இந்தப் பதிவை இதோடு மூடிவிடலாம். மொட்டை மாடியில் ஏற்கெனவே டிடி ஃப்ரீ டிஷ் இருந்தால், கேபிளைப் பிரித்து இரண்டாவது அறையில் இன்னொரு பாக்ஸ் வையுங்கள். மாதச் சந்தா கிடையாது, வேலை ஒரு மணி நேரம். எனக்குப் பதிவு வேண்டியிருந்ததால் அது உதவவில்லை. பென் டிரைவில் பதிவு செய்யும் பாக்ஸ்கள் உண்டுதான். ஆனால் அந்தப் பாக்ஸ் இருக்கும் அறையில்தான் பார்க்க முடியும். சந்தா பாக்ஸ்களில் இன்னும் மோசம், பதிவைப் பூட்டி வைத்துவிடும். பென் டிரைவைக் கழற்றி வேறு எதில் சொருகினாலும் ஓடாது.

ஹாலில் இருக்கும் சந்தா பாக்ஸின் படத்தையே பின்கட்டுக்குக் கடத்தலாமா என்றும் பார்த்தேன். எச்டிஎம்ஐ கேபிள் 15 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும். நெட்வொர்க் கேபிள் வழியாக எச்டிஎம்ஐ அனுப்பும் ஜோடிப் பெட்டிகள் தூரத்தைச் சமாளிக்கும்; ஆனால் ஹாலில் அம்மா என்ன பார்க்கிறாளோ அதையேதான் அப்பத்தாவும் பார்க்க வேண்டும். மாமியார் மருமகள் இருவரையும் ஒரே சீரியலுக்கு ஒப்புக்கொள்ள வைக்கும் கருவி இன்னும் வரவில்லை. எச்டிஎம்ஐயை வாங்கி நெட்வொர்க்கில் ஸ்ட்ரீம் செய்யும் என்கோடருக்கும் அதே கதை, கூடவே காப்புரிமைப் பூட்டு வேறு. பல சேனல்களில் கறுப்புத் திரைதான் மிஞ்சும். படத்தைக் கம்பியில்லாமல் அனுப்பும் பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏவி பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. எடுத்துப் போட்டேன். வைஃபையும் அதே அலைவரிசையில் கத்திக்கொண்டிருப்பதால் படம் முழுக்கச் சாய்கோடு. திரும்பப் பரணுக்கே போனது. ஒரு காலத்தில் இந்த வேலைக்கென்றே ஸ்லிங்பாக்ஸ் என்று ஒன்று இருந்தது. அதன் சர்வர்களை 2022 நவம்பரில் அணைத்துவிட்டார்கள். அடுத்தவன் சர்வரை நம்பும் எதையும் வாங்கக்கூடாது என்ற என் பிடிவாதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

"யூடியூப்லயே லைவ் வருதேண்ணே?" என்றான் தம்பி. வருகிறது. ஆனால் எங்கள் ஏரியாவில் இணையம் எப்போது படுக்கும் என்று இணையத்துக்கே தெரியாது.

ஆக மிஞ்சியது ஒரு வழிதான்: பூட்டில்லாத ஃப்ரீ டிஷ் சிக்னலை ஒரு யூஎஸ்பி ட்யூனரில் வாங்கி, ஒரு கணினியில் பதிவு செய்து, வீட்டு நெட்வொர்க்கில் எந்த அறைக்கும் அனுப்புவது. சந்தாச் சேனல்கள் இந்த வழியில் வராது, அதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பதிவுப் பெட்டிக்கு ராஸ்பெரி பை என்ற கையளவு கணினி, நாஸ் எனப்படும் சின்ன நெட்வொர்க் டிஸ்க் பெட்டி என்றெல்லாம் யோசித்துவிட்டு, கீல் உடைந்த பழைய லேப்டாப்பை எடுத்தேன். காரணம் அதன் பேட்டரி. முக்கால் மணி நேரம்தான் தாங்கும், ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண்ணிமைப்பில் பதிவு அறுந்துபோகாமல் இருக்க அது போதும். டெபியன் லினக்ஸ் ஏற்றி, அதன் மேல் டிவிஹெட்எண்ட் என்ற பதிவு மென்பொருள். மூடியை மூடினாலும் தூங்காதபடி ஒரு வரியை மாற்றினேன். ட்யூனரின் டிரைவர் லினக்ஸோடு வரவில்லை, தனியாகக் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. லினக்ஸின் உட்கருவான கெர்னல் அப்டேட் ஆகும் ஒவ்வொரு முறையும் ட்யூனர் காணாமல் போகும் என்பதை இரண்டாவது வாரம் கற்றுக்கொண்டு, கெர்னலை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டேன். பதிவு இடம் பற்றிக் கவலையே வேண்டாம். நான் பதிவு செய்யும் சாதாரணச் சேனல் நொடிக்கு 3 மெகாபிட் சுமாருக்கு வருகிறது, மணிக்கு 1.35 ஜிபி. லேப்டாப்பின் 500 ஜிபி டிஸ்க்கில் 300 மணி நேரத்துக்கு மேலேயே அடங்கும்.

இனிமேல்தான் கதை. டிஷ்ஷின் கையில் அலையை வாங்கிக் கேபிளில் இறக்கும் பெட்டியான எல்.என்.பி. ஒற்றை வாய்க்காரன். அதிலிருந்து வரும் ஒரே கேபிளை, ஹாலில் சந்தா பாக்ஸ் தவிர இருக்கும் ஃப்ரீ டிஷ் பாக்ஸுக்கும் ட்யூனருக்கும் பிரிக்க வேண்டும். பொதுவாக இது வம்பு. பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. செங்குத்து அலையைக் கொடுக்கும், 18 அனுப்பினால் கிடைமட்டம். 22 கிலோஹெர்ட்ஸ் டோன் போட்டால் மேல் பட்டைக்குத் தாவும். இரண்டு பெட்டிகள் இரண்டு விதமாகக் கேட்டால் எல்.என்.பி. யார் பேச்சைக் கேட்கும்? நல்லவேளையாக எனக்கு வேண்டிய ஃப்ரீ டிஷ் சேனல்கள் எல்லாம் செங்குத்து, எல்லாம் கீழ்ப் பட்டை. இருவரும் ஒன்றையே கேட்கிறார்கள், சண்டை இல்லை. சாதாரண ஸ்பிளிட்டரே போதும்.

சாதாரண என்ற அந்தச் சொல்லில்தான் விழுந்தேன். வீட்டில் கேபிள் டிவி காலத்து ஸ்பிளிட்டர் ஒன்று இருந்தது, பளபளவென்று. மாட்டினேன். ட்யூனரில் சிக்னல் பூஜ்யம். ஹால் பாக்ஸிலும் படம் போய்விட்டது. கனெக்டரைக் கழற்றி, செப்புக் கம்பியைச் சுரண்டி, மறுபடி மாட்டி, வெயிலில் மாடி ஏறி இறங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமையே போனது. சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்பிளிட்டரின் முதுகைப் படித்தேன்: 5 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ். எல்.என்.பி. வானத்திலிருந்து வரும் அலையை அப்படியே கேபிளில் இறக்குவதில்லை. கீழ்ப் பட்டையில் 9750ஐக் கழித்துத்தான் இறக்கும். 11090 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்பாண்டர், அதாவது பல சேனல்களைச் சேர்த்துச் சுமந்து வரும் ஒரு அலைவரிசை, கேபிளுக்குள் 1340 ஆக ஓடும். ஆயிரத்தோடு நின்றுவிடுகிற ஸ்பிளிட்டருக்கு அது எட்டாத உயரம். டவுன் ஹால் ரோட்டில் போய் 950 முதல் 2150 என்று எழுதியதைக் கேட்டேன். கடைக்கார அண்ணன், "டிஷ் ஸ்பிளிட்டர்னு கேளுங்க தம்பி, நம்பர்லாம் சொன்னா எப்படி?" என்று இரண்டே நொடியில் எடுத்துப் போட்டார். இருநூறு ரூபாய்கூட இல்லை.

அத்தோடு முடியவில்லை. புது ஸ்பிளிட்டரில் ஒரு வாயில் மட்டும் மின்சாரம் எல்.என்.பி.க்குப் போகும், சின்ன சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். அந்த வாயை ஹால் பாக்ஸுக்குக் கொடுத்துவிட்டேன். பகலில் எல்லாம் பிரமாதம். ராத்திரிப் பதிவுகள் மட்டும் பூஜ்யம் பைட். மூன்று நாள் டிவிஹெட்எண்ட்டையே திட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் ராத்திரி பத்தரைக்கு அம்மா ஹால் விளக்கை அணைத்து, கையோடு டிவி ஸ்விட்ச்போர்டையும் தட்டிவிட்டுப் போவதைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. பாக்ஸ் செத்தால் எல்.என்.பி.யும் சேர்ந்து செத்துவிடுகிறது. சிவப்புக் கோட்டு வாயை எப்போதும் விழித்திருக்கும் லேப்டாப் ட்யூனருக்கு மாற்றினேன்.

டிஷ்ஷைத் திருப்பும் வேலையும் ஒரு தடவை வந்தது. எங்கள் பக்கம் மயில்கள் உரிமையாக வரும். ஒரு நாள் காலையில் சிக்னல் செத்துக் கிடக்க, மேலே போய்ப் பார்த்தால் டிஷ்ஷின் கையில் உட்கார்ந்து தோகையைக் கோதிக்கொண்டிருக்கிறார் முருகன் வாகனம். விரட்டியதில் உதைத்துக்கொண்டு பறக்க, டிஷ் லேசாகத் திரும்பிவிட்டது. ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட் 15 செயற்கைக்கோளிலிருந்து. மதுரையிலிருந்து பார்த்தால் அது கிழக்கிலிருந்து தெற்குப் பக்கம் 32 டிகிரி தள்ளி, தரையிலிருந்து 69 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேல். போனில் டிவிஹெட்எண்டின் சிக்னல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நூல் நூலாகத் தள்ளினேன். கொடைக்கானல் டவரைப் பார்த்துத் தாத்தா ஆன்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து அப்பா "தெரியுது, போச்சு, தெரியுது" என்று கத்துவாராம். இப்போது கத்த ஆள் வேண்டாம், 11 டெசிபெல் வந்ததும் நட்டை இறுக்கிவிட்டேன். கைக்கு மேலே ஒரு முள்கம்பியும் கட்டினேன்.

அடுத்து பின்கட்டு டிவியில் சொருகும் பெட்டி. எல்லோரும் சொல்வது ஆண்ட்ராய்டு ஸ்டிக். ஒன்று கடன் வாங்கி, அதில் படம் ஓட்டும் கோடி மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். பேர்தான் கோடி, காசு ஒன்றும் கிடையாது. படம் சுத்தமாக வந்தது. அப்பத்தா கையில் ஸ்டிக்கின் ரிமோட்டைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"நம்பர் எங்கிட்டுய்யா இருக்கு?"

இல்லை. நடுவில் ஒரு வட்டம், சுற்றி நாலைந்து பொத்தான், அவ்வளவுதான். அப்பத்தாவுக்குச் சேனல் என்பது ஒரு எண். எண்ணை அமுக்கினால் ஆள் வர வேண்டும். வட்டத்தை அழுத்தி, இடது பக்கம் போய், பட்டியலில் கீழே இறங்கி... ராத்திரி இரண்டு மணிக்கு என்னைத்தான் எழுப்பும். ஸ்டிக் மறுநாளே திரும்பிப் போனது. அதில் எத்தனை கோர், எவ்வளவு மெமரி என்று நான் அலசி வைத்திருந்த அட்டவணையும் அதோடு போனது.

வேண்டியது டிவியின் சொந்த ரிமோட்டே பெட்டியையும் ஆட்டிவைக்கும் வசதி. அதற்குப் பேர் சிஇசி. எச்டிஎம்ஐ கேபிளின் 13ஆம் பின் வழியாக டிவியும் பெட்டியும் பேசிக்கொள்ளும். ஆனால் டிவி மெனுவில் அந்தப் பேரைத் தேடினால் கிடைக்காது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளாளுக்கு ஒரு செல்லப் பேர். ராஸ்பெரி பை 4இல், கோடியை ஓட்டுவதற்கென்றே உள்ள லிப்ரெஎலெக் லினக்ஸைப் போட்டால் கோடி இந்தச் சிஇசியை நன்றாகப் பேசும், எண்களையும் சேர்த்து. அதை வாங்கினேன்.

டிவியில் வசதியை இயக்கியும் ரிமோட் வேலை செய்யவில்லை. பை 4இல் எச்டிஎம்ஐ வாய் சின்னது, அதுவும் இரண்டு. பவர் சொருகும் இடத்துக்குப் பக்கத்து வாயில்தான் மாட்ட வேண்டும் என்று படித்து மாற்றினேன். அப்போதும் இல்லை. கடைசியில் குற்றவாளி, சின்ன வாயைப் பெரிய வாயாக்கும் மலிவு அடாப்டர். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 13ஆம் பின்னுக்கு உள்ளே கம்பியே இல்லை. படத்துக்கு அது தேவையில்லையே, யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள். முழுக் கேபிளாக ஒன்று வாங்கி மாட்டியதும் ரிமோட்டின் 1 வேலை செய்தது. டிவிஹெட்எண்டில் பொதிகைக்கு 1 என்று எண் கொடுத்தேன், மற்றவற்றுக்கு அப்பத்தா சொன்ன வரிசையில். பை இயங்கியதும் நேராக டிவி ஓடும்படியும் வைத்தாயிற்று. பதிவுகளுக்கு ரிமோட்டின் பச்சைப் பொத்தான். மெனு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

பழைய சாதாரணச் சேனல்கள் சில எம்பெக் 2 என்ற பழைய படச் சுருக்க முறையில் வருகின்றன. பை 4இல் அதற்கென்று தனிச் சில்லு கிடையாது, ஆனால் 576 வரிப் படத்தைப் பிராசஸரே சிரமமில்லாமல் விரித்துவிடுகிறது. படம் வேறு விதத்தில் கெட்டது. செய்தியின் அடியில் ஓடும் எழுத்துகளின் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரிந்தது; ழ எது, ள எது என்று பிரித்தறிய முடியவில்லை. ஒளிபரப்பு ஒற்றைப்படை வரிகளை ஒரு முறை, இரட்டைப்படை வரிகளை ஒரு முறை என்று நொடிக்கு 50 அரைப் படங்களாக வருகிறது. கோடி இரண்டையும் அப்படியே பின்னிக் காட்டியிருக்கிறது. வீடியோ அமைப்பில் டீஇன்டர்லேஸ் போட்டதும் பல் உதிர்ந்து எழுத்து வழுவழுவென்று ஓடியது.

வைஃபை? ஒன்றரை அடிச் சுவர் இரண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் முற்றத்தையே தாண்டவில்லை. 2.4 தாண்டியது, ஆனால் சாயங்காலமானால் தெருவில் எல்லா வீட்டு ரவுட்டரும் விழித்துக்கொள்ள, படம் விக்கியது. 3 மெகாபிட் ஒன்றும் பெரிய வேகமில்லை. ஆனால் விக்காமல் வர வேண்டும். முற்றத்துத் தாழ்வாரத்தை ஒட்டி 18 மீட்டர் கேட் 6 நெட்வொர்க் கேபிளை இழுத்து, இரண்டு முனையிலும் நானே கிரிம்ப் செய்தேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். நீலத்தையும் பச்சையையும் இடம் மாற்றி வைத்து ஒரு கனெக்டரைப் பாழாக்கினேன். நாலாவது கனெக்டர்தான் சரியாக உட்கார்ந்தது. அதன் பிறகு இன்றுவரை படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இந்த மொத்த வேலையில் காசுக்கு மேல் பலன் தந்தது இந்தக் கேபிள்தான்.

ஒரு ட்யூனர் போதுமா என்று கேட்பார்கள். ஒரு ட்யூனர் ஒரு நேரத்தில் ஒரு டிரான்ஸ்பாண்டரைத்தான் பிடிக்கும், ஆனால் அதில் இருக்கும் அத்தனை சேனலையும் சேர்த்தே பிடிக்கும். ஒரே டிரான்ஸ்பாண்டர் என்றால் அப்பத்தா ஒன்றைப் பார்க்க, வேறு அறையில் இன்னொன்றைப் பார்க்க, மூன்றாவது பதிவாகலாம். வேறு டிரான்ஸ்பாண்டரில் பதிவு ஆரம்பித்தால்தான் ஆபத்து. நான் கபடி ஒன்றைப் பதிவுக்குப் போட்டிருக்க, மாலை பஜனையின் நடுவில் பொதிகை அப்படியே நின்றது, 'நோ ஃப்ரீ அடாப்டர்' என்று. பதிவுக்கு முன்னுரிமை என்பது டிவிஹெட்எண்டின் வழக்கம். அன்றைக்கு எனக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது. இப்போது எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்குத்தான் முன்னுரிமை. கபடி வேண்டுமென்றால் இரண்டாவது ட்யூனர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாளே பதிவைப் போட்டுவைத்தேன். நிகழ்ச்சி நிரலை நம்பவில்லை, நேரம் கொடுத்தே போட்டேன்: அதிகாலை 4 முதல் 9 வரை. அழகர் யார் கடிகாரத்தையும் பார்ப்பதில்லை. தல்லாகுளத்திலிருந்து ஆற்றுக்கு வருவதற்குள் எத்தனை மண்டகப்படி! அப்பத்தா மூன்றரைக்கே எழுந்து தலை சீவி உட்கார்ந்துவிட்டது. ரிமோட்டில் 1. தங்கக் குதிரை கூட்டத்துக்கு மேலே மிதந்து வந்தது. அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று பார்க்கத்தானே ஊரே முழித்திருக்கிறது. அப்பத்தா டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டது.

அப்போதுதான் நான் யோசிக்காத ஒன்று. ஹால் பாக்ஸில் படம் நேராக வருகிறது. பின்கட்டுக்கு லேப்டாப், கேபிள், பை என்று சுற்றி வர மூன்று நொடி பிந்துகிறது. குதிரை தண்ணீரில் கால் வைக்கும் முன்னாலேயே ஹாலிலிருந்து "கோவிந்தா" என்று முழக்கம், கூடவே அம்மாவின் குரல், "பச்சைப் பட்டு!"

"ஏய்யா, அங்கிட்டு மட்டும் முன்னாடியே எறங்கிட்டாரு?" என்று அப்பத்தா என் பக்கம் திரும்பியது. திரும்பிய அந்த நொடியில் இங்கேயும் இறங்கிவிட்டார்.

நல்லவேளை, பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஹால் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து, ஒரு நிமிடம் பின்னால் இழுத்து மறுபடி காட்டினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டது. அன்றைக்கு மட்டும் நாலு தடவை அழகர் இறங்கினார்.

கோப்பு 7 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. பதிவுகள் 30 நாளில் தானாக அழியும்படி வைத்திருந்தேன். "இத அழிச்சிறாதய்யா, அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கட்டும்" என்றது. அந்த ஒன்றுக்கு மட்டும் எப்போதும் வைத்திரு என்று மாற்றிவிட்டேன். மூன்று நொடியைக் குறைக்க முடியுமா என்று கோடியின் பஃபர் அமைப்புகளை நோண்டிக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் வருகிற சித்திரைக்கு ஹால் டிவியையும் லேப்டாப் வழியாகவே ஓட்டி அதையும் பிந்த வைத்துவிடலாம், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.